வக்கீல் சிதம்பரம் பிள்ளையின் ஊர்களில் ஐந்து நாள்

முதல் நாள், டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கோர்ட் மூடியதும் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பட்டுக்கோட்டையிலிருந்து திருச்சி வரை பஸ், அங்கிருந்து இரவு ரயில். விடியும்போது தூத்துக்குடி. ரயிலடியில் இறங்கியதுமே உப்புக்காற்று முகத்தில் ஒட்டியது. அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் வலிக்காரி. ஆனாலும் இந்தப் பயணத்துக்கு அவள்தான் முதலில் சரி என்றாள்.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா நாற்பத்தோரு ஆண்டுகள் முன்சீப் கோர்ட்டில் வக்கீலாக இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் மேசைக்கு எதிரே ஒரே ஒரு படம் மாட்டியிருக்கும்: தலைப்பாகையும் கோட்டுமாக வ.உ.சி. வருகிறவர்கள் எல்லோரும் "கப்பலோட்டிய தமிழனா?" என்று கேட்பார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் "வக்கீல் சிதம்பரம் பிள்ளை" என்றுதான் பதில் சொல்வார். சிறுமியாக இருந்தபோது அது அவருடைய பிடிவாதம் என்று நினைத்தேன். நானும் கறுப்புக் கோட்டு போட்டு இருபத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகு அதில் ஒரு கணக்கு இருப்பது புரிந்தது. சுதேசி கப்பல் கம்பெனி பதிவானது 1906இல். சிறையிலிருந்து அவர் வெளியே வந்தது 1912இல். கப்பலும் செக்கும் சேர்ந்து ஆறு ஆண்டுகள். அதற்கு முன்னால் பத்து ஆண்டுகளுக்கு மேல் சின்ன ஊர் வக்கீல். பின்னால் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், திரும்பக் கிடைத்து, சாகும்வரை மறுபடியும் சின்ன ஊர் வக்கீல். அந்த நீண்ட பகுதியைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

அதனால் கோயம்புத்தூர் சிறைக்கும் கண்ணனூர் சிறைக்கும் போகப்போவதில்லை. செக்கைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை.

குளித்துச் சாப்பிட்டு ஒட்டப்பிடாரம் பஸ் ஏறினோம். புதியம்புத்தூரில் தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம் கேட்கிறது. கடை வாசல்களில் சின்னப் பிள்ளைகளின் கவுன்கள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. அதைத் தாண்டினால் கரிசல். தஞ்சாவூர் வண்டலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மண்ணின் கறுப்பு புதிது. மழை பெய்து ஓய்ந்த காலம் என்பதால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பச்சையாக நிற்கின்றன. இறங்கி நாலு அடி வைப்பதற்குள் செருப்பின் அடியில் மண் அப்பி ஒரு விரல் உயரம் கூடிவிட்டது. அம்மா ஒரு கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. கடைசியில் ஒரு பெட்டிக்கடைக்காரர் உடைந்த மட்டையைக் கொடுத்து, "சுரண்டித்தான் எடுக்க வேண்டும் அம்மா, இந்த மண் பிடித்தால் விடாது" என்றார்.

வ.உ.சி. பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். சுவரில் படங்கள், ஒரு பக்கம் நூலகம். 1872 செப்டம்பர் 5 அன்று இந்த ஊரில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். அம்மா பரமாயி அம்மாள். படித்து முடித்ததும் தாலுகா அலுவலகத்தில் சிறிது காலம் குமாஸ்தா வேலை. பிறகு திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்து, 1894இல் பிளீடர் பரீட்சையில் தேறி, ஊருக்கே திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்.

அவர் இரண்டாம் நிலை வக்கீல். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புரியாது. அன்று மேலே பாரிஸ்டர்கள், பிறகு உயர்நீதிமன்ற வக்கீல்கள், அதற்குக் கீழே முதல் நிலை, இரண்டாம் நிலை பிளீடர்கள். இரண்டாம் நிலைக்காரர்கள் முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும்தான் நிற்கலாம். வரப்புத் தகராறு, அடிதடி, மாடு மேய்ந்த வழக்கு, கடன் பத்திரம். இந்த வழக்குகளில்தான் அரசாங்கம் என்பது ஏழையின் தோளில் நேரடியாகக் கை வைக்கிறது. போலீஸ்காரர் ஒரு பொய் வழக்கு போட்டால் ஒரு குடும்பம் ஒரு வெள்ளாமையை இழக்கும். தகப்பனார் வசதி படைத்தவர்களின் உரிமை வழக்குகளைப் பார்க்க, மகன் ஏழைகளுக்காகக் குற்றவியல் வழக்குகளில் நின்றார். மூன்று சப்-மாஜிஸ்திரேட்டுகள் மேல் லஞ்சக் குற்றச்சாட்டை நிரூபித்தார் என்று அவருடைய வரலாற்றில் வருகிறது. தான் தினமும் போய் நிற்க வேண்டிய நீதிபதியின் லஞ்சத்தை எடுத்துப் பேசுவது என்றால் என்ன என்று வக்கீல்களுக்குத் தெரியும். மறுநாள் காலை அதே கட்டடத்துக்குள், அதே சிப்பந்திகளின் முகத்துக்கு முன்னால் நுழைய வேண்டும். எல்லோரையும் அறிந்த சின்ன ஊரில் அதைச் செய்தவரை எந்தக் கப்பலும் இல்லாமலே நான் வணங்குவேன்.

அம்மா நின்றது வேறொரு கதையின் முன்னால். முதல் மனைவி வள்ளியம்மையைப் பற்றி வ.உ.சி. தம் சுயசரிதையில் எழுதியிருப்பதை ரயிலில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். இராமையா தேசிகர் என்று ஒரு கண்பார்வையற்றவர். அவருடைய சாதியைக் காட்டி ஊர் அவரைத் தள்ளி வைத்தது. அவரை வீட்டில் வைத்து வ.உ.சி. உணவிட்டார். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. வள்ளியம்மை பின்வாங்கவில்லை, தன் கையாலேயே பரிமாறினார். 1901இல் அந்த அம்மாள் இறந்துவிட்டார்.

அம்மா கூடத்தின் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வக்கீல் வீட்டுக்கு யார் வருவார் என்று வக்கீல் முடிவு செய்துவிடுவார். இலை போடுகிறவளுக்குத்தான் அது எத்தனை இலை என்று தெரியும்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வாய்தாவுக்கு முதல் நாள் இரவே கிராமத்திலிருந்து வந்துவிடும் கட்சிக்காரர்கள் திண்ணையில் படுப்பார்கள். காலையில் அவர்களுக்கும் சேர்த்து இட்லி. ஃபீஸுக்குப் பதிலாக வாழைத்தார் வரும், அரை மூட்டை நெல் வரும், சில நேரம் கும்பிடு மட்டும் வரும். அப்பா சாயங்காலம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஃபீஸ் வந்ததா?" அப்பா கால் கழுவப் போய்விடுவார்.

திரும்பும்போது ஆட்டோக்காரத் தம்பி, பக்கத்தில்தான் பாஞ்சாலங்குறிச்சி, கட்டபொம்மன் கோட்டைக்கு விடட்டுமா என்றார். அம்மாவுக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. இன்று டிசம்பர் 24. கண்ணனூர் சிறையிலிருந்து வ.உ.சி. விடுதலையான தேதி என்பது ஊரை விட்டுப் பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள், டிசம்பர் 25

தூத்துக்குடி முழுக்க நட்சத்திர விளக்குகள். காலையில் பனிமய மாதா கோயில் பக்கம் போனோம். புதுத் துணி மடிப்புக் கலையாத பிள்ளைகள், தலைநிறைய மல்லிகைப்பூவுடன் பெண்கள். அம்மா கூட்டத்துக்குள் புகுந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

1900இல் வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தை விட்டு இந்த ஊருக்கு வந்தார். உள்ளூர்ப் போலீசோடு மகனுக்கு ஓயாத மோதல், தள்ளியிருந்தால் நல்லது என்று தகப்பனார்தான் அனுப்பினார் என்பார்கள். இங்கே தொழில் நன்றாகவே நடந்தது. மீனாட்சி அம்மாளை மணந்தார். பிள்ளைகள் பிறந்தார்கள். வருமானமும் பேரும் உள்ள வக்கீல், வீடு நிறைய விருந்தினர், ஓய்வு நேரத்தில் திருக்குறளும் சைவ நூல்களும். அப்படியே இருந்திருந்தால் ஒரு செல்வர் வீட்டுத் தாத்தாவாகப் படமாகியிருப்பார்.

பழைய துறைமுகத்தின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றோம். கம்பெனியின் கதையை நீட்டப்போவதில்லை. 1906 அக்டோபர் 16 அன்று பதிவு, மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். கேலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. நான் கவனிப்பது பங்கின் விலையை. ஆயிரம் ரூபாய்ப் பங்காக வைத்திருந்தால் பத்துப் பணக்காரர்களோடு வேலை முடிந்திருக்கும். 25 ரூபாய் என்று வைத்தது கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிற மனிதர்களை அறிந்தவருடைய வேலை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை நம்பி எடுத்துக் கொடுப்பவன் எவன், எவ்வளவு கொடுப்பான் என்பது சின்ன ஊர் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும்.

கோரல் ஆலை வேலைநிறுத்தமும் அப்படித்தான். 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. கேட்டதெல்லாம் இவ்வளவுதான். வேலைக்குப் போகாத நாட்களில் அந்தக் குடும்பங்களின் அடுப்பு எரிய வேண்டுமே? ஊரில் பணம் திரட்டினார், வேறு வேலை தேடிக் கொடுத்தார். ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. மேடைப் பேச்சால் மட்டும் ஒரு வேலைநிறுத்தம் நிற்காது. அரிசிக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் மீன் குழம்பு. பரிமாறிய பெரியவரிடம் எதற்காக வந்திருக்கிறோம் என்று அம்மாவே சொன்னாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் துறைமுகத்துக்கே அவர் பேர்தான் அம்மா" என்றார். பிறகு ஒரு துண்டு வஞ்சிரம் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள், டிசம்பர் 26

திருநெல்வேலி. மணிமண்டபம் பார்த்தோம். பாளையங்கோட்டையில் நீதிமன்ற வளாகத்தின் வெளிக்கதவு பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

1908 மார்ச் 12 அன்று கலெக்டர் விஞ்ச் அவரைக் கூப்பிட்டுச் சொன்ன நிபந்தனைகள் எளியவைதான்: மாவட்டத்தை விட்டுப் போ, அரசியலில் இறங்க மாட்டேன் என்று பிணை எழுதிக் கொடு. மறுத்தார், கைது. மறுநாள் ஊர் கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, அரசாங்கக் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வ.உ.சி.க்கு ஜாமீன் கிடைத்தும், கூட இருந்த சுப்பிரமணிய சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் உள்ளே விட்டுவிட்டுத் தனியாக வெளியே வர மாட்டேன் என்றார். தினம் தினம் அடுத்தவர்களுக்காக ஜாமீன் மனு எழுதிக்கொண்டிருந்த கை அது. ஒரு ராத்திரி உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் என்ன வித்தியாசம், வெளியே இருந்தால் வழக்கை எவ்வளவு நன்றாக நடத்தலாம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜ துரோகமாகப் பேசியதற்கு ஒரு ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. இருபதும் இருபதும் நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில் ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது என்பது பிறகு. அந்த நாளில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது நாற்பது என்ற எண்தான். தம்பி மீனாட்சிசுந்தரம் அதைக் கேட்டு மனநிலை குலைந்துபோனார். பிறகு தேறவேயில்லை. மேல்முறையீட்டில் குறைக்க முடியாத தண்டனை அது.

மணிமண்டபத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அம்மா எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மீனாட்சி அம்மாளுக்கு அப்போது என்ன வயது இருக்கும்? மடியில் குழந்தை இருந்திருக்கும்" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இன்று இதற்கு மேல் எங்கும் போகவில்லை.

நான்காம் நாள், டிசம்பர் 27

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த ஊர் கோவில்பட்டி. வ.உ.சி. வாழ்ந்த ஊர்களில் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

1912இல் வெளியே வந்தபோது அவருக்கு வயது நாற்பது. கம்பெனி இல்லை, கப்பல் இல்லை. எல்லாவற்றையும்விட, சன்னது இல்லை. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. கைத்தொழிலை இழந்த குடும்பஸ்தன் என்ன செய்வான்? சென்னைக்குப் போய்ச் சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார். கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பும் பணத்தில் வீடு நடந்தது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்த பணத்தின் கதை இந்தக் காலத்தில் நடந்தது. 1915இல் இருவருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. பணம் வேண்டுமா என்ற கேள்விக்கு வ.உ.சி. எழுதிய பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். எனக்கென்று கொடுக்கப்பட்டதை மறுக்க எந்தக் காரணமும் இல்லை, இன்றைய நிலையில் மறுத்தால் என் குடும்பத்துக்குத் தவறு செய்தவனாவேன் என்கிற பொருளில் எழுதுகிறார். கடைசியில் 1916 தொடக்கத்தில் அது வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனியை எழுப்பிய மனிதர், இந்தத் தொகைக்காக மாதக்கணக்கில் கடிதம் எழுதினார். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கடிதங்களில் அவர் ஒரு அங்குலம்கூடத் தாழவில்லை. உலை வைக்க அரிசி வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்வதற்கு, சிறையில் கல் உடைப்பதற்கு வேண்டிய அதே நெஞ்சுரம் வேண்டும்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவி செய்து சன்னது திரும்பக் கிடைத்தது. 1920களில் கோவில்பட்டிக்கு வந்து மறுபடியும் கட்டுகளைப் பிரித்தார். அந்த நன்றியில்தான் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். சிறைக்காலத்தில் துணை நின்ற கோவை வக்கீல் சி.கே. சுப்பிரமணிய முதலியார், பெரியபுராணத்துக்கு உரை கண்டவர், அவர் பேரில் ஒரு மகன் சுப்பிரமணியம். தென்னாப்பிரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய வேதியப்பிள்ளையின் நினைவில் ஒரு மகள் வேதவல்லி என்பார்கள். கைம்மாறு செய்யக் காசு இல்லாதவர் தினமும் வீட்டுக்குள் அந்தப் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாலேஸ்வரா, சாப்பிட வா. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

கோவில்பட்டிக் கோர்ட்டும் விடுமுறையில் இருந்தது. காவலாளி, நான் வக்கீல் என்றதும் உள்ளே விட்டார். நிழலில் மனு எழுதுகிறவர்களின் மேசைகள் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு மேசையின் மேல்பலகையில் ஆண்டாண்டாகக் கட்டை விரல் மை துடைத்த ஊதாக் கறை. வராந்தா ஓரத்தில் யாரோ விட்டுப்போன கட்டு நாடா, சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகிக் கிடந்தது. கட்டடம் அவர் காலத்தது அல்ல. ஆனால் இந்தக் கறை, இந்த நாடா, பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ஜனங்கள் மழுக்கிய விளிம்பு எல்லாம் எந்தச் சின்ன ஊர்க் கோர்ட்டிலும் எந்தக் காலத்திலும் இருப்பவை. ஐம்பது வயதைத் தாண்டி, தன்னைவிட இளைய நீதிபதிகளின் முன் அவர் எழுந்து நின்று "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று தொடங்கியிருப்பார். எதிரே நிற்கும் சாட்சிக்கு இவர் யாரென்று தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

தொழில் முன்னைப் போல நடக்கவில்லை. சாயங்காலங்களில் தமிழ். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையை 1917இலேயே பதிப்பித்திருந்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்கும் வேலை இந்தப் பிற்காலத்தில் நீண்டது. ஏட்டில் ஒரு சொல்லுக்கு இரண்டு பாடம் இருந்தால் எது சரி என்று தேடுவதும், இரண்டு சாட்சிகளில் எவன் சொல்வது உண்மை என்று தேடுவதும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிகிறது.

செண்பகவல்லி அம்மன் கோயிலில் அம்மா நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கினோம். அப்பாவுக்குப் பிடித்தது. வாங்கிய பிறகுதான் இருவருக்கும் அது உறைத்தது.

ஐந்தாம் நாள், டிசம்பர் 28

மறுபடியும் தூத்துக்குடி. இரவு ரயிலுக்கு நேரம் இருக்கிறது. ரயிலடிக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வ.உ.சி.யும் 1932இல் கோவில்பட்டியை விட்டு இங்கே திரும்பி வந்தார். கடைசி நான்கு ஆண்டுகள் இந்த ஊர்தான். 1936 நவம்பர் 18 அன்று இங்கேயே காலமானார்.

சாவதற்கு முன் அவர் எழுதிய உயில் ஒன்று உண்டு. அப்பா அதைக் கையால் நகலெடுத்து மேசை டிராயரில் வைத்திருந்தார். அதை எடுத்து வந்திருந்தேன். வக்கீலாக எத்தனையோ உயில்களை நான் எழுதியிருக்கிறேன்: நஞ்சை இத்தனை, புஞ்சை இத்தனை, நகை இன்னாருக்கு. இந்த உயில் அப்படி இல்லை. ஜவுளிக்கடைக்குப் பாக்கி. எண்ணெய்க்கடைக்குப் பாக்கி. வீட்டு வாடகை பாக்கி. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கு. பிள்ளைகளின் நல்லது கெட்டதைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு நண்பருக்கு வேண்டுகோள். அந்தக் காலத்தில் இந்தச் சில்லறைக் கடன்களுக்காக யாரும் அவர் குடும்பத்தின் மேல் பிராது போட்டிருக்க மாட்டார்கள். எழுதாமல் விட்டிருந்தால் கடைக்காரர்கள் வாய் திறந்திருக்கவும் மாட்டார்கள். ஆதாரம் இல்லாத கடனுக்குத் தானே ஆதாரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் இந்த வக்கீல்.

கடற்கரைச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய்க்கடை என்ற இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னொரு தடவை வாசி" என்றாள். வாசித்தேன்.

"உன் காலேஜ் ஃபீஸ் கட்டிய வருஷம்," என்றாள், "உங்கள் அப்பா மளிகைக்கடைச் செட்டியார் வீட்டுக்குப் போய், இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். என்னை அனுப்பவில்லை. தானே போனார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை."

இது எனக்கு இதுவரை தெரியாது. முப்பது ஆண்டுகளாக அவள் சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. நான் அந்த வருஷம் புதுக் கைக்கடிகாரம் கேட்டேன், வாங்கியும் கொடுத்தார்.

கடல் கலங்கலாக இருந்தது. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் நகராமல் நின்றது. ஒரு குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு சின்னப் பையன் கப்பலைக் காட்டி "அது யாருடையது?" என்று அவன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, அப்பா மடித்த அதே மடிப்பில் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வரும் வழியில் மக்ரூன் வாங்கினோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த அந்தக் கூம்பு வாயில் வைத்ததும் கரைகிறது. அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு என்று வாங்கியதில் ஏற்கெனவே நாலு குறைந்திருக்கிறது.

இப்போது எதிரே உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டே கேட்கிறாள்.

"கோர்ட் திறந்ததும் யார் கேஸ்?"

"அந்தப் பூக்கார ஆயா. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததே, அவர்களுடையது."

"ஃபீஸ் வந்ததா?"

நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மக்ரூன் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள்.